ஆளுகிறவர்களுக்கான செபம்

உங்கட நாட்டை ஆளுற ஆள் நல்லா இருக்கவேணும் எண்டு நீங்கள் கடைசியா எப்ப கும்பிட்டனீங்கள்?

நான் ஒருநாளும் கும்பிட்டதில்லை. எனக்குத் தெரிஞ்ச ஒராள் ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் கும்பிட்டவர். காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, முழந்தாளில இருந்து. அதாலதான் அவருக்கு இஞ்ச ஜேர்மனியில அகதிக் கேஸ் துலைஞ்சது.

ஆளின்ர பேர் டானியேல் சிற்றம்பலம். யாழ்ப்பாணத்தில அங்கிலிக்கன் சபையில குருவானவரா இருந்தவர். நான் சைவக்காரன். அதால ஐயா எண்டுதான் கூப்பிடுறது. மனிசி ஞானமலர் அக்கா. தொண்ணூற்றேழாம் ஆண்டு ஒக்டோபரில அவை ரெண்டு பேரும் ஒரு லூத்தரன் கோயிலுக்குப் பின்னால ரெண்டு அறையில இருந்தவை. எர்லாங்கனிலயிருந்து அரை மணித்தியாலம் பஸ்ஸில போகவேணும். சின்ன ஊர். சுத்திவர மீன் குளம்.

ஒளிச்சிருந்தவை எண்டு சொல்லவும் ஏலாது. முழு ஊருக்கும் தெரியும், பொலிசுக்கும் தெரியும். நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்த உடன கோயில்காரர் ரெண்டு பேரையும் உள்ளுக்கு எடுத்து வைச்சிட்டினம். கோயிலுக்குள்ள பொலிஸ் வராதாம்.

"சட்டம் இல்லை. பழக்கம்" எண்டு பாரரின் ஹூப்னர் சொன்னா. பாரரின் எண்டால் இஞ்ச பெண் போதகர். நாப்பது வயதிருக்கும், சைக்கிளிலதான் திரிவா. அவ சொன்னதை நான் அக்காவுக்குத் தமிழில சொன்னன்.

"பழக்கம் எண்டால் ஒருநாளைக்கு விடலாம் தானே தம்பி" எண்டு கேட்டா.

அண்டையிலயிருந்து அக்கா வீட்டுக்குள்ளயும் சப்பாத்தைக் கழட்டேல்லை. கதவுக்குப் பக்கத்தில ரெண்டு பாக் கட்டி வைச்சிருந்தா. ரோட்டில ஒரு கார் கதவு அடிச்சுச் சாத்துப்பட்டால் கையில இருக்கிறதை வைச்சிட்டு நிப்பா. ஏழு கிழமை இப்பிடி.

நான் சொல்லப்போறது ஒரு புதன்கிழமை நடந்தது. அடுத்த நாள் வியாழன் மத்தியானம் பன்னிரண்டு மணிவரைதான் தவணை. அதுக்கிடையில புதுசா ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வைச்சு அனுப்பினால் கேஸைத் திரும்பப் பாக்கிறதெண்டும், இல்லாட்டி இனிப் பொலிசை மறிக்க ஏலாதெண்டும் அகதிக் கந்தோரில சொல்லிப்போட்டினம்.

அண்டைக்குக் காலமை நான் வேலை செய்யிற மீன் பண்ணையில பெரிய குளம் இறைப்பு. இஞ்ச கார்ப் எண்டு ஒரு மீன், குளத்தில வளக்கிறது. ஒக்டோபர் வந்தால் மதகைத் திறந்து தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விடுவினம். மூண்டு நாளில குளம் வத்தி, மீன் முழுக்க மதகடியில இருக்கிற கிடங்குக்குள்ள வந்து சேரும். பிறகு நாங்கள் நெஞ்சுவரை ரப்பர் காற்சட்டை போட்டுக்கொண்டு சேத்துக்குள்ள இறங்கி வலையை இழுக்கவேணும். பனிப்புகார் எண்டால் அப்பிடிப் புகார், பக்கத்தில நிக்கிறவன்ர தொப்பிதான் தெரியும். கை விறைச்சு, விரல் எங்க முடியுது வலை எங்க தொடங்குது எண்டு தெரியாது. மீன் வாலால அடிக்கிற சத்தம் மட்டும் கேக்கும், கனபேர் சேர்ந்து கை தட்டினது போல.

வெளிச்சம் வரேக்கை அணைக்கட்டில ஒரு பச்சை வெள்ளைக் கார் வந்து நிண்டுது. பொலிஸ். எனக்குச் சேத்துக்குள்ள காலை எடுக்க ஏலாமல் போச்சு. எனக்கும் மூண்டு மாசத்துக்கு ஒருக்கா நீட்டுற விசாதான். இறங்கின பொலிஸ்காரன் முதலாளியோட சிரிச்சுக் கதைச்சான். ரெண்டு மீன் வாங்க வந்தவன். நான்தான் பிடிச்சு வாளிக்குள்ள போட்டுக் குடுத்தனான். வாங்கேக்கை என்னை வடிவாப் பாத்தான்.

"உங்கட குரு சுகமோ?" எண்டு கேட்டான்.

நான் ஓம் எண்டன்.

"நல்லது" எண்டான். வேறொண்டும் சொல்லேல்லை. கெட்ட மாதிரியும் சொல்லேல்லை. அவன்ர கார் போகும்வரை நான் வலையில கை வைக்கேல்லை.

பின்னேரம் மூண்டு மணிக்கு நான் ரெண்டு மீனோட கோயிலடிக்குப் போனன். ஒண்டு செத்தது, ஒண்டு உயிரோட. குளத்து மீன் சேறு மணக்கும். நல்ல தண்ணியில ரெண்டு நாள் விட்டால்தான் மணம் போகும். அதால உயிர் மீனைக் குளியலறைத் தொட்டிக்குள்ள விட்டன். பொலிஸ்காரன் கேட்டதைச் சொல்லக்கூடாதெண்டுதான் போனனான். அக்கா முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சிட்டா.

"என்ன, உன்ர முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை அக்கா. குளிர்."

"குளிருக்கு மூக்குத்தான் சிவக்கும். கண் இப்பிடி வராது. சொல்லு."

சொன்னன். அக்கா கேட்டுப்போட்டு மீனை எடுத்துப் பலகையில வைச்சா. அண்டைக்கு ரெண்டு ஸ்வெற்றர் போட்டிருந்தா, ஒண்டுக்கு மேல ஒண்டு. அறைக்குள்ள ஹீற்றர் எரிஞ்சது.

"ஊரில ஆர் உந்தக் குளத்து மீன் திண்டது?" எண்டா. "எங்கட பூனைக்குப் போட்டாலும் என்னைத்தான் பாக்கும். பழப்புளியும் வெந்தயமும் நல்லாப் போட்டு ஒருக்காப் பாப்பம். உவருக்கு முள்ளு எடுத்துக் குடுக்கவேணும். சின்னப்பிள்ளை மாதிரி."

ஐயா மேசையில வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தவர். வெள்ளைத் தலை, மெல்லிய ஆள். வீட்டுக்குள்ளயும் குருமாரின்ர வெள்ளைக் கழுத்துப்பட்டி போட்டிருப்பார். வெங்காயத்தில கண்ணீர் ஓட, எனக்கு பிஷப்பின்ர கதை சொன்னார். ஒவ்வொரு கிழமையும் அந்தக் கதையில ஒரு துண்டு சொல்லுவார். முந்நூற்றைம்பது வருசத்துக்கு முதல் இங்கிலாந்தில இருந்த பிஷப் அந்தாள். ஐயா இறையியல் படிக்கேக்கை அவரைப் பற்றித்தான் கட்டுரை எழுதினவராம். பேர் சொன்னவர், எனக்கு வாயில நிக்கேல்லை.

"போன கிழமை எதில விட்டனான்?"

"ராசாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை வந்திட்டுது ஐயா. பிஷப் ராசா பக்கம்."

"ஓம். செபப்புத்தகத்தைத் தடை செய்து போட்டாங்கள். பிஷப்பின்ர வீட்டைப் பறிச்சு, கோயிலைப் பறிச்சு, ஆள் ஒரு பண்ணையில பின் அறைக்குள்ள இருந்தவர். எங்களைப் போலதான். அங்கயும் காலமை பின்னேரம் செபம். கையில புத்தகம் இருந்தால் பிடிப்பாங்கள் எல்லோ? அதால முழுப் புத்தகத்தையும் பாடமாக்கிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுறது. ஒருநாள் பாராளுமன்றத்தின்ர ஆமிக்காரன் ஒருத்தன் கதவடியில நிண்டு கேட்டவனாம். முடிய வந்து கையைப் பிடிச்சு, 'ஐயா, நீங்கள் எங்கட ஆக்களைப் போல மனதிலயிருந்து செபிக்கிறியள், அந்தப் புத்தகக்காரர் மாதிரி இல்லை' எண்டு சொன்னவனாம்."

ஐயா தானே விழுந்து விழுந்து சிரிச்சார்.

"உங்களை ஒருத்தரும் உப்பிடி மெச்சேல்லை" எண்டா அக்கா, மீனின்ர வயித்தைக் கீறிக்கொண்டு. "உங்களைப் பங்கருக்குள்ள எல்லோ வைச்சவை."

அந்தக் கதையையும் சொல்லவேணும். யாழ்ப்பாணத்தில அவையின்ர செபப்புத்தகத்தில ஆளுகிறவர்களுக்காக ஒரு செபம் இருக்கு. வெள்ளைக்காரன் காலத்திலயிருந்து வாறது. முதல் விக்ரோறியா மகாராணி, பிறகு ஜோர்ஜ் ராசா, பிறகு ஜனாதிபதி. "ஆள் மாறும், செபம் மாறாது" எண்டுவார் ஐயா. தொண்ணூறுக்குப் பிறகு யாழ்ப்பாணம், அரசாங்கத்தோட சண்டை பிடிச்ச இயக்கத்தின்ர கையில. அங்கயிருந்துகொண்டு ஒவ்வொரு ஞாயிறும் கொழும்பு ஜனாதிபதிக்கு ஞானத்தைக் குடும் ஆண்டவரே எண்டு சத்தமாச் சொன்ன ஒரே ஆள் இவராத்தான் இருக்கும். மேல குண்டு போடுற பிளேன் போகும், கீழ இவர் செபிப்பார். இயக்கப் பெடியள் வந்து மரியாதையாச் சொல்லிப் பாத்தவை. பிறகு மூண்டு கிழமை பங்கருக்குள்ள பிடிச்சு வைச்சிருந்தவை. கடைசியா அவையே யாழ்ப்பாணத்தை விட்டுப் போகப் பாஸ் எழுதிக் குடுத்து, ஐயா நீங்கள் போறது எல்லாருக்கும் நல்லது எண்டு அனுப்பினவை. கெஞ்சாமல் பாஸ் கிடைச்ச ஒரே மனிசன்.

கொழும்புக்கு வந்தால் அங்க பொலிஸ் பிடிச்சது. யாழ்ப்பாணத்தான் எண்டு. ரெண்டு நாள்.

இஞ்ச ஜேர்மனிக்கு வந்து விசாரணையில இருக்கேக்கை அதிகாரி கேட்டிருக்கிறான், உங்கட அரசாங்கம் உங்களுக்குக் கரைச்சல் குடுத்ததோ எண்டு. இவர் எழும்பி நிண்டு, இல்லை ஐயா, நான் எங்கட அரசாங்கத்துக்காக நாள்தோறும் செபிக்கிறவன் எண்டிருக்கிறார். பெடியள் பிடிச்சதை மட்டும் சொன்னவர். இஞ்சத்தைச் சட்டத்தில இயக்கம் அடிச்சால் அது கணக்கில்லை, அரசாங்கம் அடிச்சிருக்கவேணும். கேஸ் முடிஞ்சுது.

"ஏன் ஐயா கொழும்புப் பொலிசைச் சொல்லேல்லை?" எண்டு நான் முந்தி ஒருக்காக் கேட்டனான்.

"அவனும் ஒரு அரசாங்க உத்தியோகத்தன் தானே தம்பி. ஒரு அரசாங்கத்தின்ர ஆளுக்கு முன்னால இருந்துகொண்டு இன்னொரு அரசாங்கத்தைக் குறை சொல்லலாமோ? எங்களைப் பற்றி என்ன நினைப்பான்?"

உலகத்தில எல்லாரும் இஞ்ச வந்து இல்லாததைச் சொல்லித் தப்ப, இந்த மனிசன் உள்ளதைச் சொல்லாமல் மாட்டுப்பட்டவர்.

கறி கொதிக்கேக்கை பாரரின் ஹூப்னர் வந்தா. பெல் அடிக்க அக்கா அகப்பையைப் போட்டிட்டா. யன்னலால பாத்து, பாரரின்தான் எண்டு நான் சொன்ன பிறகுதான் அதை எடுத்தா. பாரரின் சைக்கிள் பையிலயிருந்து பேப்பரை எடுத்து மேசையில வைச்சா. சட்டத்தரணி ரைப் பண்ணின வாக்குமூலம், ஒரு பக்கம்தான். கொழும்புப் பொலிஸ் நிலையத்தில ரெண்டு நாள், உள்ளங்காலில அடி, நடக்க ஏலாமல் ஒரு கிழமை. அக்காதான் முந்தியே சொல்லிக் குடுத்திருக்கிறா.

"இது உண்மையோ?" எண்டு பாரரின் ஐயாவைக் கேட்டா. நான் தமிழில சொன்னன்.

"உண்மை" எண்டார்.

"அப்ப கையெழுத்து வைக்கிறதுக்கென்ன?"

ஐயா வெங்காயத் தோலைக் கையால கூட்டிக் குவிச்சார்.

"அண்டைக்கு இல்லை எண்டவன் இண்டைக்கு ஓம் எண்டு எப்பிடிச் சொல்லுறது? அதைவிடு. அந்தக் கான்ஸ்டபிள் பெடியன் ரெண்டாம் நாள் விடேக்கை என்ர காலைப் பாத்து அழுதவன். நான் அவன்ர தலையில கை வைச்சு, மன்னிச்சிட்டன் மகன் எண்டு சொன்னனான். குருவா இருந்து சொன்னனான். மன்னிச்சதைத் திருப்பி எடுத்துப் பேப்பரில எழுதுறதோ? கேட்டுச் சொல்லு தம்பி, இவையின்ர சபையில அப்பிடி இருக்கோ எண்டு."

எனக்கு அந்த அளவு ஜேர்மன் இல்லை. ஏலுமானதைச் சொன்னன். பாரரின் பேப்பரை ஐயாவுக்குக் கிட்டத் தள்ளினா.

"மன்னிக்கிறது வேற, சாட்சி சொல்லுறது வேற" எண்டா. "நாளைக்குப் பன்னிரண்டுக்குப் பிறகு அவங்கள் வந்தால் நான் வாசலில நிப்பன். நிக்கத்தான் ஏலும். தள்ள ஏலாது."

காலமை ஒன்பது மணிக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனா. வெளியில ஐஞ்சு மணிக்கே இருட்டத் தொடங்கீட்டுது.

சாப்பாட்டுக்கு முதல் பின்னேரச் செபம். நான் கதவடியில கதிரையில இருந்தன். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில ஐயா முழந்தாளில இருந்தார், கையில புத்தகமில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு. அக்கா பின்னால நிண்டா. அவ எப்பவும் நிண்டுதான் செபிக்கிறவ. முழங்கால் வாதம். யாழ்ப்பாணத்தை விட்டு வரேக்கை கிளாலிக் கடலில வள்ளத்தால இறங்கி ஒரு இரவு முழுக்க இடுப்பளவு தண்ணியில நிண்டு வந்த வாதம் எண்டு சொல்லுவா. "ஒரு நாளைக்கெண்டாலும் மடக்கிப் பார் ஞானம்" எண்டு ஐயா பகிடியாக் கேக்கிறதும், "மடக்கினால் நீங்கள்தான் தூக்கவேணும்" எண்டு அவ சொல்லுறதும் எனக்குப் பழகிப்போன கதை.

ஆளுகிறவர்களுக்கான செபம் வந்தது. முதல் இலங்கை ஜனாதிபதிக்கு. பிறகு, இஞ்ச வந்தபிறகு சேத்தது, ஜேர்மன் நாட்டை ஆளுகிறவர்களுக்கு.

"அவர்களுடைய இருதயத்தை நீதியிலே நடத்தி..."

"நிப்பாட்டுங்கோ" எண்டா அக்கா.

ஐயா கண்ணைத் திறக்கேல்லை. "செபம் நடக்குது ஞானம்."

"நடக்கட்டும். இஞ்சருங்கோ, உங்கட பிஷப்பின்ர கட்டுரையை ஊரில ரைப் அடிச்சுத் தந்தது நான்தானே. அந்த ராசா தானே பிஷப்மாரைப் பாராளுமன்றத்தால கலைக்கிற சட்டத்துக்குக் கையெழுத்து வைச்சவன்? அதை ஏன் தம்பிக்குச் சொல்லேல்லை?"

"அது அவன் நெருக்கடியில..."

"உங்கட பிஷப் அதையும் மன்னிச்சவர். சரி. அவரிட்டைப் பறிச்சது, அவர் மன்னிக்கலாம். உங்கட காலில அடிச்சது, நீங்கள் மன்னிக்கலாம். எனக்கு வாதமில்லை."

குளியலறையில மீன் தொட்டியில ஒருக்கா அடிச்சுது. கதவில தட்டினது போல. மூண்டு பேரும் திடுக்கிட்டம்.

"கொழும்புப் பொலிஸில உங்களை முன் அறையில வைச்சிருக்கேக்கை, கூட வந்த என்னைப் பின் வளவுக்குக் கொண்டு போனவை" எண்டா அக்கா. குரல் மெல்லிசா, மீன் விலை சொல்லுறது போல இருந்தது. "அங்க கட்டடம் கட்டக் கொட்டின சல்லிக்கல்லு. அதில முழந்தாளில இருக்கச் சொன்னவள் ஒரு பொம்பிளைப் பொலிஸ். ஆரார் பெடியள் வீட்டுக்கு வாறவை எண்டு கேட்டுக்கேட்டு. காலமையிலயிருந்து பின்னேரம்வரை. சரிஞ்சால் தலைமயிரில பிடிச்சு நிமித்தி விடுவாள். அடுத்த நாளும். நீங்கள் வெளியில வந்து அந்தப் பெடியன்ர தலையில கை வைக்கேக்கை நான் சீலையால முழங்காலை மூடிக்கொண்டு வாங்கில இருந்தனான்."

சொல்லிப்போட்டு அவ சட்டையை முழங்காலுக்கு மேல கொஞ்சம் உயத்தினா. நான் முகத்தைத் திருப்பினன். திருப்ப முதல் கண்டிட்டன், கறுத்துக் கறுத்துத் தழும்பு, ஆரோ வெத்திலையைத் துப்பினது போல.

ஐயா முழந்தாளில இருந்தபடியே திரும்பினார். அந்த உயரத்தில இருந்து அவருக்கு நேரா அது தெரிஞ்சுது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் பிறகு இந்தச் செபம் உங்கட வாயில வருமோ? கோயில் போயிட்டுது, வீடு போயிட்டுது. உது ஒண்டுதானே உங்களிட்டை மிச்சமாக் கிடக்கு. இருக்கட்டும் எண்டு விட்டன்." பிறகு அக்கா என்ர பக்கம் திரும்பினா. "தம்பி, என்னட்டை விசாரணையில என்ன கேட்டவை? அவர் சொன்னதுதானோ எண்டு கேட்டவை. நான் ஓம் எண்டனான். நாளைக்கு அந்தப் பாரரின் பிள்ளை வரேக்கை நீ நில். நான் சொல்லுறதை நீ ஜேர்மனில சொல்லு. எனக்கு அங்க திரும்பிப் போகப் பயமாக் கிடக்கு. எனக்குச் சரியான பயம். நான் ஒருத்தரையும் மன்னிக்கேல்லை."

மொழிபெயர்த்தவன் எண்டு, மூண்டு மாச விசாக்காரன் என்ர பேரும் பேப்பரில விழும். அது எனக்கு அப்பவே மனதில ஓடினது. வெக்கமாத்தான் இருக்கு சொல்ல. "நிக்கிறன் அக்கா" எண்டன்.

ஐயா செபத்தை முடிக்கேல்லை. கட்டிலைப் பிடிச்சு எழும்பி மேசையில வந்து இருந்தார். அக்கா சோறு போட்டு, மீனை எடுத்து முள்ளுப் பாத்துப்பாத்து அவருக்கு வைச்சா. ஐயா அந்தச் சோத்துக் கோப்பையை எடுத்து அக்காவுக்கு முன்னால தள்ளிவிட்டார். தான் தலைத் துண்டை எடுத்து, கண்ணாடியைக் கழட்டி வைச்சிட்டு, ஒவ்வொரு முள்ளாத் தடவி எடுக்கத் தொடங்கினார். ஒரு முள்ளு தொண்டையில பிடிச்சு இருமினார். அக்கா வெறுஞ் சோத்தை உருட்டிக் குடுத்தா. புளி கூடிப்போச்சு எண்டு ஆரும் சொல்லேல்லை.

நான் வெளிக்கிடேக்கை ஐயா கதவுவரை வந்தார். வாசலுக்கு அங்கால அவர் கால் வைக்கக்கூடாது. புகாருக்குள்ள ரோட்டு முடிவில ஒரு கார் லைற் போட்டபடி நிண்டுது. பொலிசோ வேற ஆரோ தெரியேல்லை.

"தம்பி," எண்டார், "பதினொரு வருசம் அந்தப் பிஷப் ஒளிச்சிருந்து செபிச்சவர். மனிசி இருந்ததோ எண்டு நான் அந்தக் கட்டுரையில ஒரு வரி எழுதேல்லை. தேடியும் பாக்கேல்லை."

அடுத்த நாள் காலமை எட்டரைக்கு நான் போனன். மீன் தொட்டியில உயிரோட கிடந்தது. காலமைச் செபத்தில ஐயா முழந்தாளில இருக்கேல்லை, அக்காவுக்குப் பக்கத்தில நிண்டார். ஆளுகிறவர்களுக்கான செபத்தை முழுக்கச் சொன்னார். அக்கா ஆமென் சொல்லேல்லை. ஒன்பது மணிக்குப் பாரரின் வந்தா. அக்கா சொன்னதை நான் சொல்ல, அவ ரைப் அடிச்சா. பதினொண்டு இருபதுக்கு ரெண்டு பேரும் தங்கட தங்கட வாக்குமூலத்தில கையெழுத்து வைச்சினம், பன்னிரண்டுக்கு முதல் அனுப்ப நேரம் இருந்தது. முதல் ஞானமலர் அக்கா வைச்சா. பிறகு ஐயா வைச்சார்.